திருவொற்றியூருக்கு ஒரு பழைய வண்டியில்

சென்னைக்குச் சென்று மீளும் எம்மவர்கள் தியாகராய நகரின் புடவைக் கடைகளையும், மயிலைக் கபாலீச்சரத்தையும், மெரினாக் கடற்கரையையும் கண்டு களித்து வருவது வழக்கம். நகரின் வடகோடியிலே கிடக்கும் திருவொற்றியூரை நாடிச் செல்வோர் அவர்களுள் மிகச் சிலரே. தேவாரம் பாடிய மூவராலும் பாடப்பெற்ற தலம் அது. பட்டினத்தடிகள் சமாதியடைந்த ஊர். எனினும், உண்மையைச் சொல்வதானால், சென்ற மாசி மாதத்தில் நாம் அவ்வூருக்குப் புறப்பட்டது தலயாத்திரையின் பொருட்டன்று. எண்ணெய் ஒழுகும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைத் திருத்துவிக்கவே சென்றோம். அந்த வண்டி பிறந்த ஊரும் திருவொற்றியூரே என்பது இப்பயணத்துக்கு ஒரு தனிச் சுவையைத் தந்தது.

வண்டி எம் தாய்மாமனுடையது. 1974ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட ‘புல்லட்’. பல்லாண்டுகளாகச் சென்னையிலே தொடர்மாடி வீடொன்றில் அவர் குடியிருக்கிறார். அங்கே கீழ்த்தளத்துக்குப் புதிதாகத் தரையோடு பதித்திருந்தார்கள். வண்டி நிற்கும் இடத்தில் நாள்தோறும் கருநிற எண்ணெய் வட்டமொன்று தோன்றவே, குடியிருப்பாளர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: மாத முடிவுக்குள் ஒழுக்கை நிறுத்துக, அன்றேல் வண்டியை அகற்றுக என்பது அதன் சாரம். செய்தி எவ்வாறோ பரவி, புதுப்பேட்டை வியாபாரி ஒருவர் வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நிறைக்கு இவ்வளவு என்று விலையும் பேசிவிட்டார்.

“நிறுத்து விக்கிறதுக்கு இது என்ன பழைய பேப்பரே, தம்பி?” என்று மாமா எம்மிடம் குமுறினார்.

மாமியின் கட்சி வேறு. “விக்கிறதெண்டால் கெதியா வித்துப்போடுங்கோ. ஒவ்வொரு நாளும் குந்தியிருந்து துடைக்கிறது நானல்லோ!” இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது.

இவ்வண்டியின் வரலாறு சற்று விநோதமானது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் றெடிச் என்றொரு நகரம் உண்டு. தையல் ஊசிக்கு உலகப் பெயர் பெற்ற நகரம் அது. அங்கே 1851இல் ஜோர்ஜ் டவுன்சென்ட் என்பவர் தொடங்கிய ஊசித் தொழிலே கைமாறி, வளர்ந்து, சைக்கிள் செய்யும் தொழிலாகி, ஈற்றில் றோயல் என்பீல்ட் என்னும் பெயருடன் 1901இல் தன் முதல் மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. ‘புல்லட்’ என்ற பெயர் 1932இல் வந்தது. 1955இல் சென்னைக் கூட்டாளிகளோடு சேர்ந்து என்பீல்ட் இந்தியா நிறுவனம் அமைக்கப்பட்டு, திருவொற்றியூரிலே தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புக்களைப் பொருத்தினார்கள். பின்னர் முழு வண்டியையுமே இங்கு செய்தார்கள். 1967இல் றெடிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970இல் ஆங்கில நிறுவனமே முடிந்துபோயிற்று. மகளின் வீடு மாத்திரம் நிலைத்தது. 1977இல் திருவொற்றியூர் வண்டிகள் இங்கிலாந்துக்கே கப்பலேறிச் சென்றன!

ஊசி செய்த ஊரின் வண்டி, பட்டினத்தடிகளின் ஊருக்கு வந்து சேர்ந்ததை எண்ணுகையில் எமக்குப் புன்னகை வந்தது. பெருஞ்செல்வராயிருந்த அவர் அனைத்தையும் துறந்து வெளியேறக் காரணமாயிருந்தது காதற்ற ஓர் ஊசி என்பதை வாசகர்கள் அறிவர்.

திருத்த வேலை புதுப்பேட்டையில் ஆரம்பமாயிற்று. எழும்பூருக்கு அண்மையில், கூவம் ஆற்றை ஒட்டியுள்ள இப்பகுதி பழைய வண்டிகளின் இறுதிச் சந்தை எனலாம். கழற்றிய என்ஜின்கள் ஒருபுறம், கதவுகள் ஒருபுறம், சக்கரங்கள் மலைபோல் ஒருபுறம். எண்ணெயும் துருவும் கலந்த மணம் வீதி முழுவதும் நிறைந்திருந்தது. எம்மூரில் ‘கஸ்கட்’ என்று நாம் சொல்வதை அங்கே ‘பேக்கிங்’ என்கிறார்கள். இரு உலோகப் பகுதிகள் சேரும் இடத்தில் எண்ணெய் கசியாதிருக்க இடையே வைக்கும் கடதாசி அல்லது தக்கைத் தகடுதான் அது. பழைய புல்லட்டுக்குரிய பேக்கிங் தொகுதி ஒன்றையும், செப்பு வளையங்கள் சிலவற்றையும் வாங்கிக்கொண்டோம். நிறைக்கு விலை பேசிய வியாபாரியின் கடை எது என்று நாம் விசாரிக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் மாமா முன்னே இருந்து வண்டியை ஓட்ட, நாம் பின்னே அமர்ந்து சென்றோம். எழுபத்தாறு வயதினர் அவ்வண்டியை உதைத்து இயக்கியதைப் பார்த்தல் வேண்டும். அம்மானியின் முள்ளைக் கவனித்து, பிஸ்ரனை மேலேற்றி, அமுக்கத்தைத் தளர்த்தும் சிறு நெம்பை ஒருமுறை பிடித்துவிட்டு, ஒரே உதை! வலிமையினால் ஆகும் காரியமன்று அது. இராயபுரம், தண்டையார்பேட்டை கடந்து வடக்கே செல்லச் செல்ல, துறைமுகத்துக்குப் பெட்டகங்கள் சுமந்து செல்லும் பாரிய லொறிகள் வழியை நெருக்கின. 2021இல் திறக்கப்பட்ட மெட்ரோ பாதை தலைக்கு மேலே தூண்களில் ஓடுகிறது. அதன் முடிவிலுள்ள விம்கோ நகர், அங்கிருந்த தீப்பெட்டித் தொழிற்சாலையால் அப்பெயர் பெற்றது. தொழிற்சாலைகளின் பெயர்களே ஊர்ப் பெயர்களாகிவிட்ட பிரதேசம் இது. வண்டி நின்றபோது எம் வலக்காற் சட்டையின் ஓரம் எண்ணெயில் ஊறியிருந்தது.

நாம் தேடிச் சென்ற மெக்கானிக், தேரடிக்கு அப்பால் ஒரு சிறு சந்தில், வேப்பமரத்தின் கீழ்த் தகரக் கொட்டில் போட்டிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வொருவகை வண்டியையே திருத்தி வருபவர். நாம் வாங்கிச் சென்ற பொதியை அவர் பிரித்தும் பார்க்கவில்லை. முதலில் என்ஜின் முழுவதையும் மண்ணெண்ணெயாற் கழுவித் துடைத்தார். பின்பு ஒரு முகப்பவுடர் டப்பாவை எடுத்துக் குழந்தைக்குப் பூசுவதுபோல மேலெல்லாம் தூவினார். “கடற்கரை வரைக்கும் போயிட்டு வாங்க சார்” என்று அனுப்பிவைத்தார்.

இம்முறையின் அருமை திரும்பி வந்தபோது விளங்கிற்று. ஓடும் வண்டியில் எதிர்க்காற்று எண்ணெயைப் பின்னுக்கும் கீழுக்கும் அடித்துச் செல்கிறது. ஆதலால் துளி விழும் இடம் வேறு, ஒழுக்குப் பிறக்கும் இடம் வேறு. வெண்பொடியிலோ கருங்கோடுகள் பிறந்த இடத்திலிருந்தே தொடங்கும். மாமாவின் வண்டியில் ஐந்து இடங்களில் கோடுகள் தோன்றியிருந்தன: வால்வுத் தண்டுகளின் சிறு மூடி, தலைப்பாகத்துக்கு எண்ணெய் செல்லும் மெல்லிய குழாயின் முனைகள், சிலிண்டரின் அடி, இடப்புறச் சங்கிலி மூடி, கியர்ப்பெட்டி. இத்தனை மூட்டுக்கள் ஒரே காலத்திற் பழுதாகுமா என்று நாம் ஐயுற்றோம்.

மெக்கானிக் குனிந்து, என்ஜினின் அடிப்பாகத்திலிருந்து பின்னே செல்லும் ஒரு இறப்பர்க் குழாயைத் தடவிக்கொண்டே போனார். அதன் நுனியில் ஓர் ஆணி திருகி இறுக்கப்பட்டிருந்தது. முன்னொரு காலத்தில் யாரோ ஒருவர், அக்குழாயின் வழியே எண்ணெய் சொட்டுவதைக் கண்டு, அதனை அடைத்துவிட்டால் தொல்லை தீரும் என்று எண்ணியிருக்கிறார்.

“சார், இது ஒழுகல. மூச்சு முட்டுது.”

இதனைச் சற்று விளக்குதல் வேண்டும். இவ்வண்டிக்கு ஒரே சிலிண்டர். கொள்ளளவு 346 கன சென்ரிமீற்றர். பிஸ்ரன் கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் தனக்குக் கீழேயுள்ள அவ்வளவு காற்றையும் அடிப்பெட்டிக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுமானால் செக்கனுக்கு 50 முறை இது நிகழும். அக்காற்று வெளியேறவே அந்தக் குழாய். அதன் வாயில் வாத்தின் அலகுபோன்ற ஒரு இறப்பர்த் துண்டு இருக்கும். உள்ளிருந்து காற்று வரும்போது அலகு திறக்கும்; பிஸ்ரன் மேலேறும்போது மூடிக்கொள்ளும். இதனால் உள்ளே அமுக்கம் வெளியிலும் சிறிது குறைந்தே நிற்க, மூட்டுக்களில் உள்ள எண்ணெய் உட்புறமாகவே இழுக்கப்படும். குழாயை அடைத்துவிட்டாலோ, வழி காணாத காற்று எண்ணெயையும் தள்ளிக்கொண்டு அகப்பட்ட மூட்டுக்களினூடாகவெல்லாம் பிதுங்கும். அதைக் கண்டு நட்டுக்களை இறுக்குவார்கள். அலுமினிய மூடிகள் கோணும். ஒழுக்கு மேலும் பெருகும்.

இடப்புறச் சங்கிலி மூடிக்கு நேர்ந்ததும் அதுவே. அம்மூடி முழுவதையும் நடுவிலுள்ள ஒரே நட்டுத்தான் பிடித்து நிற்கிறது. பல கைகள் பல ஆண்டுகளாக இறுக்கியதால் நடுப்பகுதி உட்குழிந்து, விளிம்பு வாய் பிளந்திருந்தது. தடித்த கண்ணாடித் தட்டின் மேல் உரைதாளை விரித்து, எண்ணெய் தெளித்து, மூடியின் விளிம்பை அதன்மேல் வைத்து எட்டுப்போல் எட்டுப்போலத் தேய்த்தார் அவருடைய உதவிப் பையன். அரைமணி நேரம் சென்றபின் விளிம்பு முழுவதும் ஒரே சீராக மின்னிற்று.

எமக்கு மிகவும் பிடித்தது கடதாசி வெட்டிய விதம். கடையில் வாங்கிய பேக்கிங் ஒன்று துளைகளுக்குப் பொருந்தவில்லை. மெக்கானிக் தடித்த கடதாசியொன்றை உலோக விளிம்பின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினார். விளிம்பே கத்தியாகிக் கடதாசியை வெட்டிற்று. கத்தரிக்கோலால் இவ்வளவு செப்பமாக வெட்ட இயலாது. பின்னர் பழைய செப்பு வளையங்களைச் சுவாலையிற் செந்நிறமாகக் காய்ச்சி நீரிலே போட்டார். இரும்பு இவ்வாறு செய்தால் இறுகும், செம்போ மென்மையடையும். மென்மையான வளையம் குழாயின் முனையோடு நன்கு படிந்துகொள்ளும். நாம் வாங்கிய புதிய வளையங்கள் பொதியிலேயே கிடந்தன.

இடையில் தேனீர் அருந்துகையில், யாழ்ப்பாணத்தில் 1990களிற் பெற்றோலுக்குத் தடையிருந்த காலத்தை மாமா அவருக்கு எடுத்துச் சொன்னார். மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிள்கள் ஓடியதையும், இயக்கி விடுவதற்கு மாத்திரம் சில துளி பெற்றோலைச் சிறு போத்தலிலிருந்து பீச்சியதையும் கேட்டு அவர் வியந்தார். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரால் வழிந்து எண்ணெயை நீர்த்துப்போகச் செய்திருக்குமே என்று தொழில்நுட்பமாகக் கவலையும் பட்டார். அக்காலத்து எம்மூர் மெக்கானிக்குகள் அதற்கும் வழி கண்டார்கள்: எண்ணெயை அடிக்கடி மாற்றினார்கள், கிடைத்தபோது.

மாலை மூன்று மணிக்கு வேலை முடிந்தது. குழாய்க்குப் புதிய வாத்தலகு, நான்கு மூட்டுக்களுக்குப் புதிய பேக்கிங். கியர்ப்பெட்டியை மட்டும் அவர் தொடவில்லை. கிளச்சை இயக்கும் தண்டு அதன் நடுவே ஊடுருவிச் செல்வதால் அங்கே சிறிது கசிவது இயல்பென்றும், அதற்காகப் பெட்டி முழுவதையும் பிரிப்பது வீண் செலவென்றும் கூறினார். சிலிண்டர் இரும்பு, அதன் தலை அலுமினியம். சூட்டில் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவன. ஆகவே நூறு கிலோமீற்றர் ஓடியபின், என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கையில் தலையின் நட்டுக்களைச் சரிபார்க்கவேண்டும் என்றும், வேறெந்த நட்டையும் தொடவேண்டாம் என்றும் மாமாவிடம் இருமுறை சொல்லி அனுப்பினார்.

திரும்பும் வழியிற் கோயிலுக்குள்ளும் சென்றோம். இங்கே ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்தால் மூடப்பெற்றிருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள்கள் மாத்திரமே கவசம் களையப்பட்டு, புனுகுத் தைலம் சாத்தப்படும். நாம் சென்றது மாசியாதலாற் கவசத்தையே வணங்கினோம். வடிவுடையம்மன் சன்னிதியில் மாமா நெடுநேரம் நின்றார். என்ன வேண்டினார் என்று நாம் கேட்கவில்லை. பின்பு பட்டினத்தடிகளின் சமாதிக்குச் சென்றோம். கரும்பின் நுனி எவ்விடத்தில் இனிக்கிறதோ அவ்விடமே தன் முடிவிடமென்று கொண்டு அவர் இங்கு தங்கினார் என்பது வரலாறு. கரையைக் கடல் அரித்து வருவதால், பாறைகளைக் குவித்து நீட்டிய அணைகள் வரிசையாகத் தெரிகின்றன. அலைகள் அவற்றில் மோதி வெண்ணுரையாய்ச் சிதறின. நாம் அக்காட்சியில் ஈடுபட்டிருக்க, மாமா வண்டிக்குக் கீழே ஒரு செய்தித்தாளை விரித்து வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஏழு நாள்களும் அவர் விடியற்காலையில் எழுந்து துளிகளை எண்ணிக் குறித்து வைத்தார். முன்னர் எண்ண இயலாத வட்டமாயிருந்தது, இப்போது நாளொன்றுக்கு ஒன்றோ இரண்டோ; அதுவும் கியர்ப்பெட்டியிலிருந்து. மாமி தம் பிஸ்கட் டின்னின் மூடியொன்றைக் கொடுத்து, அதன் கீழே வைக்கச் செய்தார். சங்கத்துச் செயலாளர் ஒருநாள் மாலை வந்து, கைவிளக்கை அடித்துத் தரையைப் பார்த்து, மூடியையும் பார்த்து, ஒன்றும் பேசாமற் சென்றார். மாதம் முடிந்தது, மறு கடிதம் வரவில்லை. புதுப்பேட்டை வியாபாரி மட்டும் இருமுறை தொலைபேசியில் விசாரித்ததாக மாமி சொன்னார்.