கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு பாடம்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகையில், மாவனல்லையைத் தாண்டினால் கடுகண்ணாவை ஏற்றம். அதன் உச்சியில், இப்பாதையை வகுத்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் நிற்கிறது.

பிரயாண துஆவை ஓதிவிட்டுத்தான் நாமும் புறப்பட்டோம். பாதி ஏற்றத்தில் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. பொனட்டிலிருந்து ஆவி கிளம்பியது. வாகனத்தை ஓரமாக நிறுத்தி, ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன்.

"ஆவி அடங்காத குக்கரை யாராவது திறப்பாங்களா?" என்று மனைவி தடுத்தார்.

உண்மைதான். உள்ளே அமுக்கம் இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். எஞ்சினை நிறுத்தி, முக்கால் மணி நேரம் பொறுத்திருந்தோம். நன்றாக ஆறிய பின், துணியால் பிடித்து மெல்லத் திறந்தால், தண்ணீர் அடிமட்டத்தில்!

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு நபிகளார் (ஸல்) போதித்ததை மாணவர்களுக்கு எத்தனை முறை ஓதிக் கொடுத்திருப்பேன்! என் ஒட்டகத்தை நான் கட்டவில்லை.

சகோதரிகளே, இப்போது பயணத்துக்கு முன், எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலையிலேயே ரேடியேட்டர் நீர், எஞ்சின் ஒயில், ஃபேன் பெல்ட், டயர்க் காற்று ஆகிய நான்கையும் என் மனைவி பார்த்துவிடுகிறார். அதன் பிறகே துஆ ஓதுகிறோம்.