அப்பாரு விட்டுட்டுப் போன பென்ஸ்!

உங்க தோட்டத்துச் சாளைக்குப் பின்னால தார்ப்பாய் போட்டு மூடின பழைய கார் ஏதாவது நிக்குதா? நின்னா, காயலாங்கடைக்காரருக்குப் போன் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க ப்ளீஸ்!

என் நண்பன் வீட்டு விஷயம் இது. சூலூர் பக்கம் தோட்டம். அவனோட அப்பாரு (எங்க ஊர்ல தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வெச்சிருந்த கார், 1964-ம் வருஷத்து மெர்சிடிஸ் பென்ஸ் 190டி. பின்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் மீன் துடுப்பு மாதிரி லேசாத் தூக்கி இருக்கும். அதனாலதான் உலகம் முழுக்க 'ஃபின்டெயில்'னு செல்லப் பேரு. ஸ்பீடாமீட்டரைப் பாத்தா அசந்துடுவீங்க. வட்டமா முள்ளு சுத்தாது. தெர்மாமீட்டர் மாதிரி நெட்டுக்குத்தா ஒரு பட்டை மேல ஏறும். மெதுவாப் போனா மஞ்சள், வேகம் கூடினா சிவப்பு!

அழகுக்கு மட்டும் கொண்டாடலைங்க. 1959-ல இந்த ஃபின்டெயில் குடும்பம் வந்தப்பதான், மோதினா முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்கி அடியை வாங்கிக்கணும், உள்ள ஆள் உக்கார்ற கூண்டு மட்டும் கெட்டியா நிக்கணும்ங்கற ஐடியா முதல்முறையா விற்பனைக் காருக்குள்ள வந்துச்சு. யோசிச்சவர் பேலா பாரேனிங்கற இன்ஜினீயர். இன்னிக்கு நீங்க போற ஐ10, ஸ்விஃப்ட் வரைக்கும் இந்தத் தத்துவம்தான். அந்தக் குடும்பத்துச் சின்னத் தம்பி 190டி, 1961-ல வந்துச்சு. ரெண்டு லிட்டர் டீசல் இன்ஜின், வெறும் 55 குதிரைசக்தி. ஜெர்மனியில டாக்ஸிக்காரங்க விரும்பி ஓட்டின வண்டி. அவ்வளவு உழைப்பாளி!

சரி, அது எப்படி சூலூர்ல இத்தனை வருஷம் தாங்குச்சு? அறுபதுகள்ல காசு இருந்தாலும் வெளிநாட்டுக் காரை நினைச்ச மாதிரி இறக்குமதி பண்ண முடியாது. தூதரக அதிகாரிங்க கொண்டு வந்து ஓட்டின கார்களை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விக்கும். அப்படிக் கை மாறி வந்த வண்டி இது. வண்டி வந்துடுச்சு, ஸ்பேர் பார்ட்ஸ்? அதுக்கு எங்க போறது?

கணபதிக்குத்தான்! பம்பும் மோட்டாரும் செஞ்சு பழகின ஊராச்சே. லேத்துப் பட்டறையும் ஃபவுண்டரியும் தெருவுக்குத் தெரு இருக்கு. பழைய மோட்டார் சைக்கிளைப் பிரிச்சுப் போட்டுத் திரும்பப் பூட்டி மெக்கானிசம் கத்துக்கிட்டதா ஜி.டி.நாயுடுவைப் பத்திச் சொல்வாங்க. 1920-ல பொள்ளாச்சி - பழனி ரூட்ல ஒத்தை பஸ்ஸோட ஆரம்பிச்சவர். அவர் ஊருக்காரங்களுக்கு ஒரு புஷ் கடையறது பெரிய விஷயமா?

நண்பனோட காரை ஆரம்பத்துல இருந்து பாத்துக்கிட்ட மேஸ்திரிக்கு இப்ப எழுபது தாண்டிடுச்சு. அவர்கிட்ட ஒரு நோட்டு இருக்கு. எண்ணெய்க் கறை, ஓரமெல்லாம் கிழிசல். எந்த புஷ் எத்தனை மில்லி, எந்த சீலுக்குப் பதிலா எது பொருந்தும், அடியில எங்கெங்க கிரீஸ் நிப்பிள் இருக்கு... எல்லாம் பென்சில்ல, தமிழ்ல! அந்தக் காரோட நிஜ ஆர்.சி. புக் அந்த நோட்டுதாங்க.

அப்பாரு போனதும் வீட்ல பஞ்சாயத்து ஆரம்பிச்சுது. "எடைக்குப் போட்டாக் காசு"ன்னார் பெரியப்பா. "வேற இன்ஜின் தூக்கி வெச்சு, ஏ.சி. போட்டு, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம்"னார் சித்தப்பா. ஆத்தா மட்டும், "அவரு கையால தொடச்ச வண்டி... எங்கியும் போவக்கூடாது"ன்னு ஒரே பிடி. மேஸ்திரியைக் கேட்டாங்க. அவர் அமைதியா, "இன்ஜினை மாத்திக்கலாமுங்க. அப்புறம் என்னையக் கூப்பிடாதீங்க"ன்னுட்டார்.

அவர் சொன்னது வெறும் சென்டிமென்ட் இல்லை. 2021-ல மத்திய அரசு கொண்டு வந்த விதி என்ன சொல்லுது தெரியுமா? 50 வருஷத்துக்கு மேல ஆன, சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் செய்யாத கார், பைக்தான் 'வின்டேஜ்'. புதுசாப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். கண்காட்சி, ராலி, பெட்ரோல் டீசல் போட, ரிப்பேருக்கு... இதுக்கெல்லாம் ரோட்ல எடுக்கலாம். தினசரி ஓட்டவோ, வாடகைக்கு விடவோ கூடாது. ஆக, சித்தப்பா ஐடியாவுல இன்ஜினும் போச்சு, வின்டேஜ் அந்தஸ்தும் போச்சு!

அதனால உங்க வீட்ல பழைய வண்டி இருந்தா, முதல் வேலையா பெயின்ட் அடிக்காதீங்க. பேப்பர்களைத் தேடி எடுங்க. வயரை எலி கடிச்சிருக்கான்னு பாருங்க. டேங்க்ல கிடக்கற பழைய டீசலை இறக்காம ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. கடலோர உப்புக்காத்து இல்லாத நம்ம ஊர்ல துரு கொஞ்சம் நிதானமாத்தான் வரும், ஆனா வரும். அவிநாசி ரோட்ல ஜி.டி. கார் மியூசியம் 2015-ல இருந்து இருக்கு. ஒரு நாள் போய் நின்னு பாருங்க, இரும்பை எப்படி வெச்சுக்கணும்னு புரியும்.

ஆனா முக்கியமான வேலை வேற. அந்த வண்டியைத் தொட்டு வேலை பாத்த ஆளைத் தேடிப் பிடிங்க. புது ஜெர்மன் காரைக் காசு இருந்தா நாளைக்கே வாங்கலாம். அந்த மேஸ்திரியோட காதையும் விரலையும் எந்த ஷோரூம்ல வாங்கறது? பட்டறைகள்ல இப்பக் கத்துக்க வர்ற பசங்க குறைவுன்னு அவரே வருத்தப்படறார்.

நண்பன் இப்ப ஞாயித்துக்கிழமை ஆனா அவர்கிட்ட உக்கார்றான். நோட்டுல இருக்கறதை இன்னொரு நோட்டுல எழுதறான், போட்டோவும் எடுத்து வெச்சுக்கறான். போன வாரம் டேப்பெட் கிளியரன்ஸை முதல்முறையா அவனே செட் பண்ணினான். இன்ஜின் ஓடிச்சு. மேஸ்திரி காதைச் சாய்ச்சுக் கேட்டார்.

"ரெண்டாவது இன்னும் லூஸா இருக்குதுங் தம்பி."

பையன் மறுபேச்சுப் பேசாம திரும்பவும் ஸ்பேனரை எடுத்தான்!