கோலா சாவாவுக்குச் சத்தமில்லாமல் ஒரு பயணம்

சனிக்கிழமை காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு நிலையத்திலிருந்து இறங்கி வந்தேன். கீழே தம்பி காடியோடு நின்றிருந்தான். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில் போன பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. "கேட்குதா அக்கா?" என்றான். "கேட்கலையே" என்றேன். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

இந்த நிம்மதிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

எங்கள் பாட்டி வீடு கோலா சாவாவில். சிரம்பானிலிருந்து ரந்தாவ் போகும் பக்கம் உள்ள சின்ன ஊர். மலாயில் 'கோலா' என்றால் ஆறு கூடும் இடம், 'சாவா' என்றால் நெல்வயல். பெயரில்தான் வயல். எங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்ப்பதெல்லாம் பால்மரமும் செம்பனையும்தான். பாட்டி முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். இருட்டில் எழுந்து பெரட்டுக்குப் போய்ப் பழகிய உடம்பு, இன்றும் எட்டரை மணிக்கெல்லாம் தூங்கிவிடும்.

தம்பி சென்ற வருடம் பழைய புரோட்டோன் பிரெவே ஒன்று வாங்கினான். 2012-இல் வெளியான மாடல், 1.6 லிட்டர் டர்போ, 138 குதிரைத்திறன். வாங்கிய மாதமே, மலிவாகக் கிடைத்தது என்று ஒரு தடித்த எக்ஸாஸ் குழாயை மாட்டிவிட்டான். அதோடு ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்குப் பாட்டி வீட்டு வாசலில் போய் நின்றோம். வரிசையில் இருந்த வீடுகளில் எல்லாம் விளக்கு எரிந்தது. எதிர்வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் செம்பனைக் குலை லாரி ஓட்டுபவர், விடியற்காலை நான்கு மணிக்கு எழ வேண்டியவர். கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.

மறுநாள் பசியாறும்போது பாட்டி மெதுவாகச் சொன்னார்: "அந்தக் காலத்துல துரை காடி சத்தம் கேட்டா வயித்தைக் கலக்கும். இப்ப என் பேரன் வந்தாலும் கலக்குதேய்யா."

தம்பி இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

அடுத்த வாரம் இருவரும் சிரம்பானில் ஒரு பட்டறைக்குப் போனோம். வேலை தெரிந்தவர் என்று நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். காடியைத் தூக்கி, கீழே நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் போல எங்களுக்குப் பாடம் எடுத்தார்.

"டர்போ என்ன செய்யுது? வீணாப் போற புகையை வச்சுக் காத்தாடி சுத்துது. அந்தக் காத்தாடியோட அச்சுல இன்னொரு காத்தாடி. அது இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கி அனுப்புது. அவ்வளவுதான் தம்பி."

இந்த யோசனைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இலேயே காப்புரிமை பெற்றார். அந்தக் காத்தாடியைத் தாண்டியதும் புகை எவ்வளவு தடையில்லாமல் வெளியேறுகிறதோ, அவ்வளவு சீக்கிரம் டர்போ வேகம் எடுக்கும். அதனால்தான் டர்போ காடிக்கு எக்ஸாஸ் மாற்றினால் பலன் தெரிகிறது. ஆனால் குழாய் பெரிதாகப் பெரிதாகப் பலனும் பெருகும் என்று நினைத்ததுதான் தம்பி செய்த தவறு. 1.6 லிட்டர் இன்ஜினுக்கு இரண்டரை அங்குலக் குழாயே தாராளம். அதற்கு மேல் போனால் எடையும் சத்தமும்தான் கூடும். குழாய் தாழ்வாகத் தொங்கி, தோட்டத்துச் செம்மண் பாதை மேட்டில் உரசும்.

சத்தம் எங்கிருந்து வந்தது என்பதையும் காட்டினார். நடுவில் இருக்க வேண்டிய ரெசனேட்டரே இல்லை. பின்னால் இருந்த மஃப்ளர் பெயருக்கு ஒரு டப்பா. நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகும்போது இன்ஜின் 2,000 முதல் 2,500 சுற்றுக்குள் ஓடும். அந்த இடத்தில்தான் காது அடைக்கும் 'ஊம்' என்ற ஓசை எழும். காதை நம்பிப் பிழைப்பவள் நான். சிரம்பான் டோல் வருவதற்குள் எனக்குத் தலைவலி வந்ததன் காரணம் அன்றுதான் விளங்கியது.

டர்போ காடி உறுமினால்தான் அழகு என்பவர்களுக்கு ஒரு சங்கதி. சிப்பாங்கில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் நடந்தது. 2014-இல் அந்தக் காடிகள் 1.6 லிட்டர் டர்போவுக்கு மாறியபோது, பழைய அலறல் போய்விட்டது என்று ரசிகர்கள் குறைபட்டார்கள். புகையின் சக்தியில் ஒரு பகுதியை டர்போ எடுத்துக்கொள்வதால் சத்தமும் அடங்குகிறது. பந்தயக் காடியே அடங்கி ஓடும்போது கோலா சாவாவில் நமக்கு என்ன உறுமல்?

தம்பி தேர்ந்தெடுத்தது இதுதான்: இரண்டரை அங்குலத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய், வளைவுகளில் நசுங்காமல் வளைத்தது, நடுவில் ரெசனேட்டர், பின்னால் நல்ல மஃப்ளர். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிடலாமா என்று கேட்டான். பட்டறைக்காரர் தலையை ஆட்டினார். அது நச்சுப்புகையைக் குறைக்கும் பாகம். கழற்றினால் நாற்றம் வரும், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், சட்டத்திலும் மாட்டிக்கொள்வோம். 1959-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளும் 1987-ஆம் ஆண்டு வாகன இரைச்சல் விதிமுறைகளும் இன்றும் நடப்பில் உள்ளவை. மாற்றுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டுக்கொள்வது நல்லது. காடி உத்தரவாதக் காலத்தில் இருந்தால் விற்றவரிடமும் கேளுங்கள்.

மாட்டும்போது அவர் கவனித்த மூன்று விஷயங்களை எழுதி வைத்துக்கொண்டேன். ஒன்று, இன்ஜின் குலுங்கும்போது குழாய் வெடிக்காமலிருக்க நெளியும் இணைப்பு. இரண்டு, இணைப்புகளில் புதிய கேஸ்கெட். மூன்று, கசிவுச் சோதனை. குளிர்ந்த இன்ஜினை முடுக்கி, பின்வாயைத் துணியால் ஒரு கணம் அடைத்து, எங்காவது 'உஸ்' என்கிறதா என்று கேட்டார். கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு மணம் கிடையாது. காடிக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் வந்து போல்ட்டுகளை மறுபடி முடுக்கச் சொன்னார்.

அந்தக் காடியில்தான் இந்தச் சனிக்கிழமைப் பயணம். சிரம்பானில் சியூ பாவ் வாங்கிக்கொண்டோம். ரந்தாவ் சாலையில் செம்பனை லாரி ஒன்றை முந்தினோம். டர்போ சட்டென்று இழுத்தது, பேச்சு தடைப்படவில்லை. கண்ணாடியை இறக்கினேன். பறவைச் சத்தம் கேட்டது.

பாட்டி வாசல் திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காடி பக்கத்தில் வந்து நின்றது தெரியவில்லை. தம்பி குனிந்து அடியில் குழாயைத் தாங்கும் கறுப்பு வளையத்தைக் காட்டினான். "இது ரப்பர் பாட்டி. குழாய் இதுலதான் தொங்குது." இப்போது பல வளையங்கள் செயற்கை ரப்பரில் வருகின்றன என்று அவன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பாட்டி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அது கெடக்கட்டும். எப்படா வந்தீங்க, சத்தமே கேட்கலையே?"

இரண்டு மாதச் சம்பளச் சேமிப்பு போனது. அந்த ஒரு கேள்வியில் வரவு வந்துவிட்டது என்றான் தம்பி. அன்றிரவு பக்கத்து வீட்டு அண்ணன் எங்களோடு தேநீர் குடித்துவிட்டுத்தான் தூங்கப் போனார்.