தறி நாடாவும் புயல் நாடாவும்

தேவிகாபுரத்தில் பட்டு நெய்யும் எங்களுக்கு நாடா என்றால் தறியில் ஓடுவதுதான். 2016 நவம்பர் 30-ல் வங்கக் கடல் தாழ்வு மண்டலம் வலுத்துப் புயலாகி, 'நாடா' என்றே பேர் வாங்கியது!

ஊரெல்லாம் வறட்சி. கிணறு வற்றி நின்ற மாமா, "வந்துடும்டா!" என்று டி.வி.யை விட்டு நகரவில்லை. அப்பா வாயே திறக்கவில்லை. மழை பெய்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், வேலை நிற்கும், கூலி இல்லை.

டிசம்பர் 2-ல் நாடா வலுவிழந்து காரைக்கால் அருகே கரை கடந்தது. எங்களுக்குத் தூறலோடு சரி. அந்த வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைவு.

"தறி நிக்கலையே, நல்லதுதானேப்பா?" என்றேன்.

"குடிக்கத் தண்ணி வேணாமாடா? பெய்ஞ்சிருக்கலாம்" என்றார்.

மழையே, ஏரியை நிரப்பு. எங்கள் தறிக்குழியை மட்டும் விட்டுவிடு!