சட்டைக் கையில் ஒரு கறுப்புப் பூனை

ஆவடி என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? 1955-ல் நடந்த காங்கிரஸ் மகாசபையா? டாங்கி செய்யும் தொழிற்சாலையா? எனக்கு இனிமேல் ஒரு கறுப்புப் பூனைதான் நினைவுக்கு வரும்!

சென்ற வாரம் சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினேன். வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம் தாண்டி அம்பத்தூரில் இறங்கினேன். இதே பாதையில் சில வண்டிகள் ஆவடியையும் கடந்து, 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்ற நிலையம் வரை போகின்றன. பெயரே கதை சொல்கிறதல்லவா? சென்னையின் மேற்குப் பக்கத்துக்கும் பட்டாளத்துக்கும் உறவு பழையது. பூந்தமல்லியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்கிய காலம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஆவடி பெரிய ராணுவக் கிடங்காயிற்று. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு வெளியூருக்கு ஓடியது. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் வந்து குண்டும் போட்டுவிட்டுப் போயிற்று.

அந்தப் போரின் மிச்சம் ஒன்று அம்பத்தூர் வீடு ஒன்றில், பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற குமாஸ்தா. 1985-ல் தீக்கு இரையாவதற்கு முன்பு மூர் மார்க்கெட்டில் அலைந்து அலைந்து சேர்த்த துணிச் சின்னங்கள் அவை.

போரில் சட்டைக் கையில் படையின் பெயரை எழுதிக்கொண்டால் எதிரியின் ஒற்றனும் படித்துவிடுவான். ஆகவே ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு படம். 1942-ல் தென்னாட்டைக் காப்பதற்கென்று பெங்களூரில் திரட்டிய 25-வது டிவிஷனுக்குச் சீட்டுக் கட்டிலிருந்து இஸ்பேட் ஆஸ்! 1945-ல் மாந்தளையைப் பிடித்த 19-வது டிவிஷனுக்குக் குத்துவாள் ஏந்திய கை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பர்மாவுக்கு வந்த 81-வது டிவிஷனுக்குச் சிலந்தி. அவர்கள் நாட்டுப் பாட்டிக் கதைகளில் வரும் சாமர்த்தியக்காரச் சிலந்தி, அனான்ஸி. 17-வது டிவிஷனுக்கு முதலில் மின்னல் இருந்தது. பிறகு அதை மாற்றிக் கறுப்புப் பூனை வைத்தார்கள். நம் ஊரில் பூனை குறுக்கே போனாலே பயணத்தைத் தள்ளிப் போடுவோம். அவர்களோ அதைச் சட்டையில் தைத்துக்கொண்டு போருக்குப் போனார்கள்!

"ஒரே பூனையை எதற்கு இத்தனை வாங்கியிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"ஒரே பூனையா? நன்றாகப் பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். ஒன்றின் முதுகு வில்லாய் வளைந்திருந்தது. ஒன்று எலிக்குட்டி போல இளைத்திருந்தது. ஒன்று கம்பளித் துணியில் வெட்டி ஒட்டித் தைத்தது. ஒன்று சங்கிலித் தையல். சீமையில் நூலையும் உழைப்பையும் மிச்சம் பிடிக்கத் துணியிலேயே சின்னத்தை அச்சடித்தார்கள். இங்கேயோ கடைவீதித் தையற்காரர்கள் மாதிரியைப் பார்த்துத் தைத்துக் கொடுத்தார்கள். மாதிரி ஒன்று, கைகள் நூறு. சிலவற்றின் பின்னால் பிரஸ் பட்டன். டோபிக்குப் போடும்போது கழற்றி வைத்துக்கொள்ளத்தான்! இடக் கைக்கும் வலக் கைக்கும் தனித்தனிப் பூனை. இரண்டும் முன்னோக்கியே பார்க்க வேண்டும் அல்லவா?

இப்போது போலிகளும் வருகின்றனவாம். புற ஊதா விளக்கடியில் பிடித்தால், போருக்குப் பின் வந்த நூலும் வெளுப்பு மருந்தும் பளிச்சென்று மின்னிக் காட்டிக் கொடுத்துவிடும் என்றார்.

ஓரத்தில், வால் கோணிய ஒரு பூனையைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார். "இது மட்டமான வேலை. ஜோடியும் இல்லை. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்."

காப்பி கொண்டு வந்த வீட்டு அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். அந்தச் சின்னத்தை எடுத்துப் பின்புறம் திருப்பினாள். பிறகு டப்பாவைத் துழாவி, எதிர்ப்பக்கம் பார்க்கும் இன்னொரு பூனையை எடுத்து அதையும் திருப்பினாள்.

"தம்பி, பூத்தையலை முன்பக்கம் பார்த்தா ஒண்ணும் தெரியாது. இரண்டிலேயும் நூலை முடிச்சுப் போடாமே, வால் நுனியிலே மூணு தையல் பின்னாலே இழுத்துச் சொருகியிருக்கான். ஒரே கை. இரண்டும் ஜோடிதான்."

கணவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "முப்பது வருஷமா இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கின்றன. எனக்குத் தெரியவில்லையே!" என்றார்.

"என்னைக் கேட்டால்தானே?" என்றாள் அம்மாள்.

விளக்கு, நூல் பழையதா புதியதா என்று சொல்லும். அது யாருடைய கை என்று சொல்லாது. பர்மாவில் போரிட்ட படைகளின் வரலாறு புத்தகங்களில் இருக்கிறது. தளபதிகளின் பெயர்களும் இருக்கின்றன. அந்தச் சின்னத்தைத் தைத்தவனுக்கோ, பின்பக்கத்து மூன்று தையல்தான் கையெழுத்து.

திரும்புமுன் ஆவடி வரை போய்வந்தேன். 1961-ல் ஏற்பட்ட ராணுவ உடைத் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. இன்றும் சிப்பாய்களுக்குச் சட்டை தைக்கிறார்கள். அந்தச் சுவரைப் பார்த்தபோது, உள்ளே தையல் இயந்திரங்களின் முன் குனிந்திருக்கும் தலைகள்தான் என் மனக்கண்ணில் தோன்றின.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, அம்மா எனக்குச் சிறுவயதில் பூப்போட்டுக் கொடுத்த தலையணை உறையைத் தேடி எடுத்தேன். உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

நீங்களும் பாருங்களேன்!