மகள் காட்டும் சென்னையில் அப்பா காட்டும் ஓர் இடம்

சம்பா அறுவடை முடிந்து களம் காலியானதும், பிள்ளைகளைப் பார்க்கச் சென்னைக்கு பஸ் ஏறும் விவசாயக் குடும்பங்கள் நிறைய. வந்த இடத்தில் எல்லாமே தலைகீழ். ஊரில் மகளைக் கைபிடித்துச் சந்தைக்குக் கூட்டிப்போன அப்பா, இங்கே மகளுக்குப் பின்னால் நடப்பார். டிக்கெட் எடுப்பது, வழி கேட்பது, ஓட்டலில் என்ன சாப்பிடுவது என்று சொல்வது எல்லாம் மகள்தான். மெரினா, ஒரு மால், ஒரு சினிமா... இரண்டாம் நாளே ‘மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறாங்களோ’ என்று அப்பா கிளம்பிவிடுவார்.

கிளம்பும் முன் ஒரு காலைப்பொழுதை ராஜா அண்ணாமலைபுரத்துக்கு ஒதுக்கலாம். பெயரே விவசாயிகளுக்குப் பழக்கமானதுதான். 1929-ல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் தொடங்கிய ராஜா சர் அண்ணாமலை செட்டியார் பெயரில் அமைந்த பகுதி இது. அந்தப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர் டெல்டாவில் ஊருக்கு ஒருவராவது இருப்பார். கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயிலில் பசுமைவழிச்சாலை நிலையத்தில் இறங்கி, தொல்காப்பியப் பூங்கா என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் போதும்.

பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைவுக்கு வரும். இது அப்படியல்ல. அடையாறு கடலில் சேரும் இடத்துக்கு வடக்கே பிரியும் ஓடையில், கட்டட இடிபாடும் குப்பையும் சாக்கடையுமாகக் கிடந்த 58 ஏக்கர். அந்தக் குப்பையை வாரி, மண்ணை வெட்டி, நீர் ஏறி இறங்க வழிசெய்து, அலையாத்தியும் நாட்டு மரங்களும் நட்டு, 2011 ஜனவரியில் திறந்தார்கள். பாழான நிலத்தைத் திருத்துவது எவ்வளவு பாடு என்று தெரிந்தவருக்கு இந்த இடத்தின் அருமை சட்டென்று விளங்கும்.

இங்கேதான் கதை மாறுகிறது. ‘இந்தச் செடி ஏன்ப்பா சேத்துக்கு மேல குச்சி குச்சியா நீட்டிக்கிட்டிருக்கு?’ என்று மகள் கேட்பாள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்த்த அப்பாவுக்கு அது மூச்சுவேர் என்று தெரியும். காற்றில்லாத சேற்றில் வேர் மூச்சுவிட அதுதான் வழி. முகத்துவாரம் மணல்மேடிட்டு அடைபட்டால் ஓடைக்குள் என்ன ஆகும், ஆற்றில் நல்ல தண்ணீர் வரத்துக் குறைந்தால் உப்புத்தண்ணீர் எப்படி மேலேறும் என்பதெல்லாம் கடைமடை விவசாயிக்குப் பாடமே வேண்டாம். பூவரசையும் புங்கனையும் பெயர்ப்பலகை பார்க்காமலே சொல்வார். கரையில் நிற்பது மடையானா, நாரையா என்று பிரித்துக் காட்டுவார். இப்போது மகள்தான் அவருக்குப் பின்னால் நடப்பாள்.

வாடகை வீட்டின் ஒற்றை அறையில் இரண்டு பேருமே எடுக்கத் தயங்கும் பேச்சு ஒன்று உண்டு. ‘எனக்கப்புறம் நெலத்த யாரு பாக்குறது?’ எதிரெதிரே உட்கார்ந்தால் வராத வார்த்தை, பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது வந்துவிடும். முடிவு அன்றைக்கே கிடைக்காது. குத்தகைக்கு விடுவதா, வரப்போரம் மரம் வைப்பதா என்று பேச்சாவது தொடங்கும்.

நேரமிருந்தால் திரு.வி.க. பாலம் தாண்டி, ஆற்றின் தென்கரையில் உள்ள பிரம்மஞான சபைக்கும் போகலாம். அங்கே சுமார் 450 வயது என்று சொல்லப்படும் ஆலமரம் இருக்கிறது. தாய்மரம் 1989-ல் அடித்த புயல்காற்றில் சாய்ந்துவிட்டது. இன்றைக்கு நிற்பதெல்லாம் விழுதுகள் ஊன்றி எழுந்த மரம். வழியில் உள்ள மணிமண்டபங்களையும் மாளிகைகளையும் பஸ்ஸிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

பூங்காவுக்கும் சபைக்கும் பார்வை நாட்களும் நேரமும் மாறுவதுண்டு. கிளம்புமுன் மகளையே போனில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், பழகிய செருப்பு போதும்.