மழைக்கு என்ன டயர்? நான் சொன்ன தப்பான பதில்

த்ரெட் கொஞ்சம் நீளம். மழையில சைக்கிள் ஓட்டுறவங்களும், பசங்களுக்கு கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தவங்களும் கடைசி வரை படிங்க.

நான் அரசு மருத்துவமனை டாக்டர். வீடு மயிலாப்பூர். டூட்டிக்கு எம்டிபி சைக்கிள்லதான் போவேன். அதனால ஆஸ்பத்திரியில யாருக்கு சைக்கிள் சந்தேகம் வந்தாலும் என்கிட்டதான் வருவாங்க. எனக்கும் அதுல ஒரு பெருமை.

போன ஐப்பசியில எங்க வார்டுல வேலை பாக்குற ஒரு தம்பி கேட்டான். மேற்கு மாம்பலத்துல இருந்து பழைய கியர் சைக்கிள்ல வர்றவன். "சார், ரெண்டு டயரும் மொட்டையாயிடுச்சு. மழைக்கு எது போடலாம்? ரொம்ப செலவு பண்ண முடியாது சார்."

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. "பெரிய பெரிய பட்டன் வச்ச டயரா பாத்துப் போடு. எவ்வளவு சேறா இருந்தாலும் புடிச்சு நிக்கும்"னு சொல்லிட்டு ரவுண்ட்ஸ் போயிட்டேன்.

பத்து நாள் கழிச்சு அவனையே எலும்பு முறிவுப் பிரிவுல பார்த்தேன். இடது மணிக்கட்டு. கையை ஊன்றி விழுந்திருக்கான். "சேத்துல விழல சார். சேறு தாண்டி தார் ரோட்டுல திரும்பும்போதுதான் வழுக்கிடுச்சு. நான்தான் வேகமா திரும்பிட்டேன்"னு பழியை அவனே ஏத்துக்கிட்டான்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. அவனுக்கு வேலைக்கு வந்தாதான் சம்பளம். அந்த ஆறு வாரமும் அவங்க அம்மா ரெண்டு வீடு கூடுதலா வேலை பார்த்தாங்க.

அந்த ஞாயித்துக்கிழமை அவன் சைக்கிளை, நான் எப்பவும் போற கடைக்குத் தள்ளிட்டுப் போனேன். கடைக்காரர் பெரியவர். டயரைத் தடவிப் பார்த்துட்டுக் கேட்டார்: "இது காட்டுல ஓட்டுற டயர் டாக்டர் தம்பி. அந்தப் பையன் வர்ற வழியில சேறு எவ்வளவு தூரம்?"

யோசிச்சுப் பார்த்தேன். தோண்டிப் போட்ட இடம் எல்லாம் சேர்த்தா 200 மீட்டர் இருக்கும். மீதி முழுக்கத் தார் ரோடு. நான் அதைக் கேட்கவே இல்ல. இருமலுக்கு வந்தவன் நெஞ்சுல ஸ்டெத் வைக்காம ஆன்டிபயாட்டிக் எழுதின மாதிரிதான் இது.

அவர்கிட்ட கத்துக்கிட்டதையும், அப்புறம் நான் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன்.

1. உங்க வழியில என்ன மண்?
தி.நகர், மேற்கு மாம்பலம் பக்கம் களிமண். 1920கள்ல லாங் டேங்க்னு சொல்ற பெரிய ஏரியைத் தூர்த்துதான் தி.நகரே வந்துச்சு. அந்த மண் டயர்ல அப்பிக்கும், பட்டன்களுக்கு நடுவுல அடைச்சுக்கும். அடைச்ச டயரோட தார் ரோட்டுல ஏறினா, ரோட்டைத் தொடுறது ரப்பர் இல்ல, ஈரக் களிமண். தம்பி விழுந்தது அப்படித்தான்.
அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் மணல் பாங்கு. அது ஒட்டாது. ஆனா மழைத்தண்ணி அடிச்சுட்டு வந்து திருப்பத்துல பரப்பி வச்சிருக்கும். பால்ரஸ் குண்டு மேல ஓட்டுற மாதிரி வழுக்கும்.

2. பட்டன் பெருசா இருந்தா பிடிப்பும் ஜாஸ்தியா?
மண்ணுல ஆமா. உயரமான, இடைவெளி விட்ட பட்டன் மண்ணுக்குள்ள இறங்கிப் பிடிக்கும். தார் ரோட்டுல அது இறங்க இடமே இல்ல. ரோட்டைத் தொடுற ரப்பர் குறைஞ்சிடும், திரும்பும்போது பட்டன் வளையும். நம்ம ஊருக்கு நடுவுல பட்டையா, நெருக்கமா, உயரம் கம்மியா இருந்து, ரெண்டு ஓரத்துலயும் மட்டும் பட்டன் இருக்கிற டயர் போதும். வாரக் கடைசியில ஏரிக்கரை, செம்மண் பாதைன்னு போறவங்களுக்குப் பெரிய பட்டன் சரி.

3. "தண்ணி ஒதுங்கத்தானே டயர்ல பூ?"
காருக்கு ஆமா. சைக்கிள் டயர் ஒல்லி, வளைவு வேற. தானே தண்ணியைக் கிழிச்சுட்டுப் போகும். 40 பிஎஸ்ஐ காத்துக்குக் கணக்கு போட்டா, தண்ணி மேல மிதக்க மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல போகணும். நாம 15, 20ல போறோம்.

4. ரப்பரை நகத்தால அழுத்திப் பாருங்க.
லேசா அமுங்கி மேல வரணும். பிளாஸ்டிக் மாதிரி கெட்டியா இருந்தா ஈரத்துல வழுக்கும். ரொம்ப நாள் கடையில தொங்கின டயர்ல பக்கவாட்டுல முடி மாதிரி வெடிப்பு இருக்கும். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

5. சைஸ்.
பழைய டயர்ல எழுதியிருக்கிறதைப் போட்டோ எடுத்துட்டுப் போங்க. 26 × 1.95ம் 26 × 1⅜ம் ஒண்ணு இல்ல. முதலாவதுக்கு ரிம் அளவு 559 மில்லிமீட்டர், ரெண்டாவதுக்கு 590. ரெண்டும் "26 இன்ச்"தான், ஆனா மாத்திப் போட முடியாது. 27.5க்கு 584, 29க்கு 622.

6. காத்து.
அதிகபட்சம் எவ்வளவுன்னு டயர்லயே இருக்கும். அது வரைக்கும் அடிக்கணும்னு இல்ல. என் எடை 70 கிலோ, டயர் 1.95. மழைக்காலத்துல முன்னாடி 32, பின்னாடி 36 பிஎஸ்ஐ வைக்கிறேன். கல்லு மாதிரி அடிச்சா பிடிப்பு போயிடும். ரொம்பக் குறைச்சா, பள்ளத்துல விழும்போது ரிம்முக்கு நடுவுல டியூப் நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும்.

7. ஒரு டயருக்குத்தான் காசு இருக்கா?
புதுசை முன்னாடி போடுங்க. பின் சக்கரம் வழுக்கினா பெரும்பாலும் சமாளிச்சுடலாம். முன் சக்கரம் வழுக்கினா அடுத்த நொடி தரையில இருப்பீங்க.

விலைன்னு பார்த்தா, ரால்சன், மெட்ரோ மாதிரி நம்ம நாட்டு டயரே போதும். நான் வாங்கினப்போ ஒண்ணு 500 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. வெளிநாட்டு டயர் பல மடங்கு விலை. ரப்பர் நல்லாத்தான் இருக்கும், ஆனா வார்டுக்கு வந்து போறதுக்கு அது தேவையில்ல.

8. எந்த டயரும் காப்பாத்தாத இடங்கள்.
ரோட்டுல அடிச்ச வெள்ளைப் பெயின்ட், சாக்கடை மூடி, தோண்டின பள்ளத்து மேல போட்ட இரும்புத் தகடு. நேரா போங்க. அது மேல பிரேக்கும் பிடிக்காதீங்க, திருப்பவும் செய்யாதீங்க. சேறு தாண்டின உடனே நாலு சுத்து மெதுவா ஓட்டுங்க, டயர்ல இருக்கிற மண் உதிரட்டும்.

அப்படியும் விழுந்துட்டா, டாக்டரா ரெண்டு விஷயம்.

சிராய்ப்பை ஓடுற குழாய்த் தண்ணியில, சோப்பு போட்டு, மண் போற வரைக்கும் கழுவுங்க. காபித்தூள், மஞ்சள், பேனா மை எதுவும் வேண்டாம். அழுக்குக் காயமா இருந்து, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தா ஊசி போட்டுக்கோங்க. அரசு மருத்துவமனையில இலவசம். தேங்கின தண்ணி காயத்துல பட்டு ஒண்ணு ரெண்டு வாரத்துல காய்ச்சல் வந்தா, எலிக் காய்ச்சலா இருக்கலாம். தண்ணியில விழுந்ததை மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க.

கையை ஊன்றி விழுந்து, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டுப் பள்ளத்துல அழுத்தினா வலிக்குதா? முதல் எக்ஸ்ரே நார்மல்னு வந்தாலும் விட்டுடாதீங்க. அங்க இருக்கிற ஸ்கேபாய்டுங்கிற சின்ன எலும்போட விரிசல் முதல் நாள் தெரியாம போகலாம். பத்துப் பதினாலு நாள்ல திரும்ப எடுக்கணும்.

தம்பி இப்போ வேலைக்கு வர்றான். முன் டயர் நான் வாங்கிப் போட்டேன். பின் டயர் அவனே வாங்கினான், நான் கொடுத்த காசை வாங்கிக்கல. ட்ராலி தள்ளும்போது மட்டும் இடது மணிக்கட்டு முழுசா மடங்க மாட்டேங்குது. பிசியோ போயிட்டு இருக்கான்.

இந்த மழைக்கு டயர் மாத்துறவங்க சந்தேகம் கேளுங்க. மருத்துவச் சந்தேகத்துக்கு உடனே பதில் சொல்றேன். சைக்கிள் சந்தேகத்துக்கு, நீங்க தினமும் எந்த வழியில போறீங்கன்னும் எழுதுங்க. பெரியவர்கிட்ட கேட்டுட்டு வந்துதான் சொல்வேன்.